சில்லறைச் செலவு: கடலூர் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடை முதலாளிமார்களுக்கும் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னை முகம் பார்த்தால் தெரியும். லாரன்ஸ் ரோட்டில் 27 வருஷம் கணக்கு எழுதியவன். முதலில் ஒரு ஜவுளிக்கடை, அப்புறம் ஒரு பெரிய மளிகைக்கடை. கடைகளின் பெயர் வேண்டாம். எனக்குச் சோறு போட்ட இடங்கள். நான் சொல்லப்போவதும் அந்த இரண்டு கடையோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நேரில் போய்ச் சொல்லியிருப்பேன். வேலை பார்த்த பிள்ளைகள் என்னைக் ‘கணக்கு சார்’ என்று கூப்பிடுவார்கள். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் வீட்டோடு இருக்கிறேன்.

கடையின் தினக்கணக்கில் ‘சில்லறைச் செலவு’ என்று ஒரு தலைப்பு உண்டு, உங்களுக்குத் தெரியாததா. டீ, சாமிக்குப் பூ, கூரியர், சணல், பினாயில். அந்த வரிசையிலேயே இதையும் எழுதிக்கொண்டு வந்தேன்: ‘மருந்து 85’. ‘கட்டு, ஊசி 120’. ‘ஆஸ்பத்திரி ஆட்டோ 60’. யாருக்கு, எங்கே அடி, எப்படிப் பட்டது, ஒன்றும் இருக்காது. வவுச்சரில் தொகையும் கையெழுத்தும் இருந்தால் ஆடிட்டருக்குப் போதும். எனக்கும் அப்போது போதுமாக இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். கல்லாவிலிருந்து யாருக்காவது காசு கொடுத்தால், ராத்திரிக்குள் மறந்துவிடக் கூடாதென்று ஆளையும் காரணத்தையும் அதில் பென்சிலால் கிறுக்கி வைப்பேன். கடையைச் சாத்துமுன் தினக்கணக்கில் ஏற்றுவேன். போன போகிக்குப் பரண் ஒழித்தபோது ஜவுளிக்கடைக் காலத்து நோட்டு ஒன்று அகப்பட்டது. பழைய கையெழுத்தைப் பார்க்கிற ஆசையில் புரட்டினேன். ஒரு தீபாவளி மாதத்தில் மருந்து என்று ஏழு வரி. முதல் வரியின் பக்கத்தில் ‘குடோன் படி’ என்று இருந்தது. நாலு நாள் தள்ளி வேறு ஒருவர்: ‘படி, முழங்கால்’. அப்புறம் ‘கட்டு தூக்கி வரும்போது படி’. கடைசியாக ‘படி, மோவாய், 3 தையல்’. ஏழில் நாலு, ஒரே படி.

அந்தப் படி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டியபோது பழைய தளமும் புதுத் தளமும் சேராமல் மூன்று அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கடைக்குள் பகல் மாதிரி வெளிச்சம். குடோன் வாசலில் ஒரு டியூப் லைட், அதுவும் பாதி நாள் கண்சிமிட்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வருகிறவனுக்குக் கண் பழகச் சில நொடி வேண்டும். அந்தச் சில நொடிக்குள் படி வந்துவிடும். கையிலோ மார்பு உயரத்துக்குச் சேலைக் கட்டு, கால் எங்கே படுகிறதென்று தெரியாது. முதலில் விழுந்த ஆளிடம் “பார்த்து வரக் கூடாதா” என்றோம். நாலாவது ஆளிடமும் அதையே சொன்னோம். நாலு பேருக்கும் கண் இருந்தது. விளக்குதான் இல்லை. ஒரு நல்ல பல்பும், படி விளிம்பில் பட்டையாக மஞ்சள் பெயின்டும் போதுமாக இருந்திருக்கும். ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

நாலு வரியையும் எழுதியவன் நான்தான். ஒருமுறைகூட வரிசையாகப் படிக்கவில்லை. ஒரு சோப்புக் கட்டி குறைந்தால் மூன்று மாத இருப்பைப் புரட்டி ஆளைக் கண்டுபிடிக்கிற கைக்கு, ஒரே இடத்தில் நாலு பேர் விழுந்தது தெரியாமல் போயிற்று.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கடைக்குக் கடை ஒரு விபத்து நோட்டு போடுங்கள். தேதி, நேரம், ஆள், இடம், என்ன செய்துகொண்டிருந்தபோது, என்ன அடி. கண்ணாடிச் சில்லு குத்தினாலும் எழுதுங்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற அன்றைக்கு அதையும் ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கிற கடைகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. நான் வேலையில் இருந்தவரை விபத்துப் பதிவேட்டுக்குப் படிவம் 11, விபத்து அறிக்கைக்குப் படிவம் 12 என்று தனித்தனியாக இருந்தன. ஆய்வாளர் வருகிறார் என்றால் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி மேஜையில் வைப்போம். உள்ளே எல்லாப் பக்கமும் வெள்ளை.

எழுத ஏன் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதினால் பொறுப்பாகிவிடும், கேஸாகிவிடும், நஷ்டஈடு கேட்பான். இந்தப் பயத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

மளிகைக்கடையில் ஒரு பையன் இருந்தான். குறிஞ்சிப்பாடி பக்கம். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மேல் ரேக்கிலிருந்து எண்ணெய் டின் இறக்க ஸ்டூல் போட்டு ஏறினான். ஸ்டூல் என்றால் நம் எல்லோர் கடையிலும் கிடக்கிற அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்தான். காலையில் அந்த இடத்தில் ஒரு பாக்கெட் உடைந்து எண்ணெய் சிந்தியிருந்தது. சாக்கைப் போட்டுத் துடைத்திருந்தார்கள். வெறும் சாக்கால் துடைத்தால் எண்ணெய் எங்கே போகும், இன்னும் நாலடிக்குப் பரவும். பளபளவென்று டைல்ஸ் வேறு. 15 கிலோ டின்னை நெஞ்சோடு அணைத்தபடி கீழே வந்தான். கல்லாவில் இருந்த எனக்குச் சத்தம் கேட்டது. டின் விழுந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் முதலில் பார்த்ததும் டின் உடைந்ததா என்றுதான். உடையவில்லை. அவன் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது.

ஆட்டோவில் ஏற்றும்போது அவன் காதில் நான்தான் சொன்னேன்: “தம்பி, ஆஸ்பத்திரியில கேட்டா வண்டியில இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு. கடைன்னு சொன்னா கேஸு கீஸுன்னு இழுக்கும்.” வலியிலும் தலையாட்டினான். ஆஸ்பத்திரியில் விபத்துக் கேஸ்களை எழுதுகிற ஏ.ஆர். நோட்டில் அப்படியே பதிவாயிற்று. முதலாளி சொல்லச் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு வருகிற அதிகப்பிரசங்கித்தனம், நானே சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியம் அவனுக்கு என்ன செய்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. ஈ.எஸ்.ஐ.யில் சாதாரணக் காய்ச்சல், நோய் என்று போனால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. அதற்கும் முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். வேலையில் பட்ட காயம் என்றால் கதையே வேறு. சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. விபத்து நடந்த நாளை விட்டு மூன்று நாளாவது காயம் முடக்கிப் போட்டால், குணமாகும்வரை ஏறக்குறைய 90 சதவீதம். கை பழையபடி ஆகாமல் போனால் மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கிற திறன் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும், அதற்கேற்ப ஆயுள் முழுக்கப் பணம் வரும். இத்தனையும் ‘வேலையில் பட்டது’ என்ற ஒரு பதிவில் தொங்குகிறது. நான் அதை அறுத்துவிட்டேன். இரண்டு மாதக்காரனுக்கு நோய் உதவியும் வராது, காய உதவியும் வராது.

கையிலிருந்த காசுக்குப் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனான். எலும்பு கொஞ்சம் கோணலாகவே கூடிவிட்டது. இப்போது ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்து டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறான். இடது கையால். என்னைப் பார்த்தால் “வாங்க கணக்கு சார்” என்று எழுந்து நிற்பான். அதுதான் தாங்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் அந்தப் பொய்யால் கடைக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. பணம் தரவேண்டியது ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன், முதலாளி இல்லை. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிற தொழிலாளி வேலைக் காயத்துக்காக முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போடவும் முடியாது, சட்டமே தடுக்கிறது. அதாவது எழுதுவதுதான் உங்களுக்குக் காப்பு. இன்னொன்று, 2010-ல் சட்டத்தைத் திருத்தி, வீட்டிலிருந்து வேலைக்கு வருகிற வழியில், திரும்புகிற வழியில் நடக்கிற விபத்தையும் வேலைக் காயமாகச் சேர்த்துவிட்டார்கள். வேலைக்கு வரும்போது வண்டியில் விழுந்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அந்தப் பையனுக்கு ஒரு வழி இருந்திருக்கும். பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஆளிடம் மாட்டினான்.

உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். 15,000 சம்பளக்காரருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், 112 ரூபாய் 50 காசு. உங்கள் பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. ஆக மாதம் 600. அவர் கை உடைந்து ஒரு மாதம் வீட்டில் கிடந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 ரூபாய் அவருக்குப் போகும், மாதத்துக்குப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். மாதாமாதம் பணத்தைக் கட்டிவிட்டுக் காயத்தை மறைப்பது, லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டு மோதியதைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விடுகிற மாதிரி. நீங்கள் யாராவது லாரி விஷயத்தில் அப்படி விடுவீர்களா?

“நம்ம கடையில ஒன்பது பேர்தானே” என்கிற கணக்கும் எனக்குத் தெரியும், அதையும் எழுதியவன்தான். பத்துப் பேர் என்றால் ஈ.எஸ்.ஐ. வந்துவிடும். அதனால் பத்தாவது ஆள் எப்போதும் சொந்தக்காரப் பையன், பதினோராவது ஆள் தற்காலிகம், பன்னிரண்டாவது ஆள் லோடு இறக்க வந்தவர். விழுகிறபோது பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்று பேரில் ஒருத்தர்தான் விழுவார். பணம் கட்டாமல் விட்ட இடத்தில் விபத்து நடந்தால், தொழிலாளிக்குக் கொடுத்ததை முதலாளியிடமிருந்து கறக்கக் கார்ப்பரேஷனுக்கு அதிகாரம் இருக்கிறது. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, ஆடிட்டர் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

உண்மையாகவே நாலைந்து பேர் வைத்து நடத்துகிற சின்னக் கடைக்காரர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா இருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழுதாக முடங்கினாலோ 2 லட்சம், ஒரு கை அல்லது ஒரு கண் போனால் 1 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவு இதில் வராது, சாதாரண எலும்பு முறிவுக்கும் ஒன்றும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேருக்கு 100 ரூபாய். கடைக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் அதைவிட விலை.

சரி, நோட்டில் என்னென்ன விழும் என்று கேட்பீர்கள். என் பழைய பென்சில் கிறுக்கலை வைத்தே சொல்ல முடியும். அட்டைப்பெட்டி பிரிக்கிற கட்டரால் இடது கைக் கட்டைவிரல். பார்சலைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் பட்டையை வெட்டும்போது அது துள்ளிக் கண்ணில் அடிப்பது. இழுத்த வேகத்தில் சரசரவென்று இறங்குகிற ஷட்டர். மிளகாய் வத்தல் மூட்டை பிரிக்கிறவருக்கு இருமல். தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்ததே, அன்றைக்குக் கடைக்கு நடந்தே போனோம். ஷோகேஸ் கண்ணாடி மொத்தமும் உள்ளே பொடியாகக் கிடந்தது. மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பையன்கள் வெறுங்காலோடு வாரிக் கொட்டினார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவதுதானே நம் கடையில் மரியாதை. அந்த வாரத் தினக்கணக்கில் ‘புதுக் கண்ணாடி’ என்று ஒரு பெரிய தொகை, அதற்கு நேர் கீழே ‘டி.டி. ஊசி, கட்டு’ என்று ஒரு சின்னத் தொகை. கண்ணாடிக்கு மட்டும் பில் வாங்கி வைத்தோம்.

மூட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் 25 கிலோ வரை அடைத்து விற்கிற அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். சில நாளிலேயே 26 கிலோ மூட்டை வந்து இறங்கியது. வாங்குகிறவருக்கு வரி மிச்சம், உங்களுக்கு வியாபாரம் மிச்சம், நல்லதுதான். கூடுதலாக வந்த அந்த ஒரு கிலோ ஒரு நாளைக்கு எத்தனை தடவை யார் முதுகில் ஏறுகிறது என்று கேட்க ஆளில்லை. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற நியோஷ் என்ற அரசு நிறுவனம் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. எல்லாம் தோதாக இருந்தால், அதாவது சுமை இடுப்பளவில் இருந்து, உடம்போடு ஒட்டி, இடுப்பை முறுக்காமல் தூக்கினால், 23 கிலோ வரை. தரையிலிருந்து குனிந்து எடுத்தால் குறையும், கையை நீட்டி எடுத்தால் குறையும், திரும்பி அடுக்கினால் இன்னும் குறையும். நம் கடையில் மூட்டை எங்கே இருக்கும்? தரையில், மூலையில், மற்ற மூட்டைக்குப் பின்னால். மரப்பலகை அடித்து இரண்டடி உயரத்தில் மேடை போட்டு அரிசியை அதில் அடுக்கினால் பாதி முதுகு தப்பும். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கினால் மீதி. கனமானது இடுப்பளவில், லேசானது மேல் ரேக்கில். எண்ணெய் டின்னை மேலே வைத்ததே எங்கள் தப்பு. அப்பளக் கட்டை வைக்க வேண்டிய இடம் அது.

ஏணிக்கும் அப்படித்தான். ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலுக்கு ரப்பர் போட்ட மடக்கு ஏணி வாங்குங்கள். சாய்த்து வைக்கிற ஏணி என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி சுவரைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஒரு கை எப்போதும் ஏணியில். பொருளைக் கீழே நிற்கிற ஆள் வாங்கிக்கொள்ளட்டும். எண்ணெய் சிந்தினால் மரத்தூளோ கோலமாவோ கொட்டி உறிஞ்சவிட்டு, வழித்து, சோப்புத்தண்ணீர் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான், இதில் பெரிய வித்தை இல்லை.

ஆனால் நோட்டில் ஏறாத அடி ஒன்று இருக்கிறது. ரத்தம் வராது, சத்தம் கேட்காது, தேதி போட முடியாது. ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். முதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். பதினோரு வருஷம் அதே கவுன்டருக்குப் பின்னால் நின்றார். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை, தீபாவளி, ஆடித் தள்ளுபடி என்றால் பதினொன்று வரை. முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடந்ததைச் சேலை மறைத்துக்கொண்டிருந்தது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, அரித்து, ஆறாத புண்ணாகிச் சம்பள முன்பணம் கேட்டு வந்தபோதுதான் எனக்கே தெரியும். “நின்னு நின்னு வந்ததுங்க சார்னு டாக்டர் சொல்றாரு” என்றார். நான் ‘முன்பணம் 2000’ என்று எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினேன்.

காலில் இருக்கிற ரத்தம் மேலே இதயத்துக்கு ஏற வேண்டும். கெண்டைக்கால் சதைதான் அதற்குப் பம்ப். நடந்தால் அந்தச் சதை அமுக்கி அமுக்கி ரத்தத்தை ஏற்றும். நரம்புக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருந்து அது திரும்பி இறங்காமல் பிடிக்கும். நின்ற இடத்திலேயே நின்றால் பம்ப் ஓடாது, ரத்தம் தேங்கும், கதவுகள் நாளடைவில் தளர்ந்துவிடும். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வருகிறவருக்கு அந்த நிற்பு உரம் போடுகிறது. உட்காரவும் நடக்கவும் இடையிடையே விட்டாலே பாதி தப்பிக்கலாம்.

இதற்குத்தான் சட்டம் வந்தது. கேரளாவில் 2018-ல். அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் கேட்டு வாங்கியது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பர் 6-ம் தேதி, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். கொண்டுவந்த அமைச்சர் சி.வெ.கணேசன் திட்டக்குடித் தொகுதிக்காரர், நம் மாவட்டம். வெள்ளைக்காரன் தன் ஊரில் 1899-லேயே மூன்று கடைப் பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டான். அந்த நாற்காலி கடலூர் வந்துசேர 122 வருஷம் ஆகியிருக்கிறது. நம்மூர்க் கப்பல்கூட அவ்வளவு தாமதமாக வந்ததில்லை.

வந்த நாற்காலி என்ன ஆயிற்று? நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் மூன்று போட்டார்கள். முதல் வாரம் புதுசாக இருந்தது. அடுத்த வாரம் ஒன்றின் மேல் கேரி பேக் பெட்டி, இன்னொன்றின் மேல் யாரோ மாற்றிக்கொள்ள வைத்துவிட்டுப் போன ஐட்டம். மூன்றாவது கேமராவுக்கு நேராக இருந்தது. அதில் யார் உட்காருவார்? முதலாளி மாடியில் கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் “அங்க யாரு உக்காந்திருக்கிறது” என்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கேட்பார் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. அதனால் நாற்காலி போட்டால் மட்டும் போதாது, நீங்கள் ஒரு நாள் கீழே இறங்கி வந்து உங்கள் வாயாலேயே “உட்காரும்மா” என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதும், கடை முழுக்கப் பரவிவிடும்.

வாங்க வருகிற நம்மையும் சொல்ல வேண்டும். கவுன்டர் பெண் உட்கார்ந்திருந்தால் “எழுந்துகூட நிக்காம பேசுது பாரு” என்று என் சொந்த வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். முதலாளிக்கு வாடிக்கையாளர் பயம், பெண்ணுக்கு முதலாளி பயம்.

கழிப்பறையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடிக் கடையில் ஒரே ஒரு கழிப்பறை மொட்டைமாடியில், ஊழியர் லிஃப்டில் ஏறக் கூடாது என்றால் பெண்கள் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நீர்க்கடுப்பு என்று அவர்கள் லீவு கேட்கும்போது கோபித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

நேரமும் அப்படித்தான். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1947 சட்டத்திலிருந்தே இருக்கிறது. என் ஏழு வரியில் ஐந்து வரி ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொடுத்த காசு. மோவாயில் தையல் போட்டுக்கொண்டவர் அதற்கு முன் பதினெட்டு நாளாக லீவு இல்லாமல் வந்தவர். இதையும் அந்தச் சின்ன நோட்டை இப்போது எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மே 5 வணிகர் தினத்துக்கு நீங்கள் எல்லோரும் கூடுவீர்கள். கடைகளைச் சாத்திவிட்டு மாநாட்டுக்குப் போவீர்கள். (நாலு நாள் முன்னால் மே 1-க்குப் பல கடைகள் திறந்தேதான் இருக்கும். அதை நான் இன்றைக்கு எடுக்கவில்லை.) ஜி.எஸ்.டி., ஆன்லைன் வியாபாரம், மால்கள் என்று பேச ஆயிரம் இருக்கும், எல்லாம் நியாயமான கவலைதான், எனக்கும் அந்தக் கவலையில் பங்குண்டு. அந்தப் பேச்சுக்கு நடுவில் ஐந்து நிமிஷம் இந்த நோட்டுக்குக் கொடுங்கள். சங்கமே ஒரு மாதிரி அச்சடித்து உறுப்பினர் கடைகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம், தினக் காலண்டர் கொடுக்கிற மாதிரி. வருஷக் கடைசியில் பெயர்களை எடுத்துவிட்டு இடத்தையும் காரணத்தையும் மட்டும் சேர்த்துப் பாருங்கள். லாரன்ஸ் ரோட்டில் எத்தனை கடையில் அந்த மூன்று அங்குலப் படி இருக்கிறதென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எழுதுகிற ஆளை மட்டும் பார்த்து வையுங்கள். முதலாளி எழுதினால் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், சூப்பர்வைசர் எழுதினால் பாதி விட்டுப்போகும். பில் போடுகிற பெண்களில் ஒருவரிடம் கொடுங்கள். எல்லோரும் அவர்களிடம்தான் சொல்வார்கள். அடிபட்டவரைத் திட்டாமல் எழுத விட்டால்தான் நோட்டு நிறையும். முதல் மூன்று மாதம் நோட்டு வேகமாக நிறைந்தால் பயப்படாதீர்கள், அடி கூடியிருக்காது, இதுவரை ‘மருந்து 85’ என்று இருந்தது பெயரோடு வருகிறது, அவ்வளவுதான்.

எந்தக் கடையில் முதலில் தொடங்குகிறீர்களோ சொல்லி அனுப்புங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன். கோடு போட்டு, தலைப்பு எழுதி, முதல் பக்கத்தை எப்படி நிரப்புவது என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன். நோட்டை நானே வாங்கி வருகிறேன், 80 பக்கம் போதும். சில்லறைச் செலவில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணக்கர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்